பேசாத உடன்பாடு

1

ஸ்விங் இசைக்கு இருவர் சேர்ந்து ஆடும் லிண்டி ஹாப் ஆட்டத்தை ஆடுகிறவர்கள் கூடும் இடங்களில் ஓயாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: எதை ஸ்விங் என்று கொள்வது? சிலர் பெயர்களால் பதில் சொல்வார்கள்: கவுன்ட் பேசி, டியூக் எலிங்டன், சிக் வெப், பென்னி குட்மேன். சிலர் ஆண்டுகளால் சொல்வார்கள்: ஏறத்தாழ 1935 முதல் 1945 வரை வந்ததே ஸ்விங், மற்றது வேறு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பத்தாண்டில் பதிவான எத்தனையோ பாட்டுகளில் கால் நகர மறுக்கிறது. அந்த வேலிக்கு வெளியே பதிவான சில பாட்டுகளோ உட்கார விடுவதில்லை.

நான் கேள்வியை வேறு விதமாகக் கேட்டுக்கொள்கிறேன். முன்பின் அறியாத இரண்டு பேர் ஒரு பாட்டு தொடங்கி முடியும் வரை சேர்ந்து ஆட வேண்டும். ஒத்திகை கிடையாது. எதையும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த அடி எது என்று இருவருக்குமே தெரியாது. அந்த மூன்று நிமிடமும் அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது இசை மட்டுமே. எந்த இசையால் அது முடிகிறது? ஏன் முடிகிறது?

2

முதல் தேவை, நம்பத்தக்க நான்கு அடி.

1930களின் பிற்பகுதியில் கவுன்ட் பேசியின் குழுவில் நான்கு பேர் இதைக் கட்டிக் காத்தார்கள். பியானோவில் பேசி, பேஸில் வால்டர் பேஜ், டிரம்ஸில் ஜோ ஜோன்ஸ், கித்தாரில் ஃப்ரெடி கிரீன். அதற்கு முந்தைய குழுக்கள் பலவற்றில் பேஸ் வாத்தியம் நான்கில் இரண்டு அடிக்குத்தான் ஒலிக்கும். காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்தான் தாளத்தைச் சுமக்கும். வால்டர் பேஜ் நான்கு அடிக்கும் நான்கு சுரம் வைத்து, ஏறியும் இறங்கியும் இடைவிடாமல் நடந்தார். ஜோ ஜோன்ஸ் தாளத்தின் பாரத்தைப் பெரிய டிரம்மிலிருந்து எடுத்து, ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டுக்குக் கொடுத்தார். குழுவின் ஒலி இலேசானது. ஒவ்வோர் அடியும் அடுத்த அடியை நோக்கி உந்தியது.

இவர்களில் நான் அதிகம் நினைத்துக்கொள்வது ஃப்ரெடி கிரீனை. 1937இல் பேசியிடம் சேர்ந்தவர், 1987இல் இறக்கும் வரை ஏறக்குறைய முழுக் காலமும் அந்தக் குழுவிலேயே இருந்தார். மின்கருவி இணைக்காத கித்தார். தனியாவர்த்தனம் என்று அவர் வாசித்தது மிக அரிது. நான்கு அடி, நான்கு மீட்டல், அவ்வளவுதான். பழைய பதிவுகளில் சில இடங்களில் காதால் எவ்வளவு தேடினாலும் அவர் அகப்பட மாட்டார். ஆனால் கூர்ந்து கேட்கப் பழகியவர்களுக்குத் தெரியும், பேஸும் டிரம்ஸும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இடத்தில் அவர் இருக்கிறார். ஐம்பது ஆண்டு ஒருவர் இப்படி வாசித்தார் என்பதை நினைக்கும்போது, கலையில் முன்னால் வந்து நிற்பது பற்றிய என் எண்ணங்கள் பல அடங்கிப்போகின்றன.

3

இரண்டாவது, நடை.

ஸ்விங்கில் ஓர் அடியை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பாதியும் சமமாக இராது. முன்பாதி நீளும், பின்பாதி குறுகும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்குத் திஸ்ர நடையைக் கொண்டு இதை ஓரளவு பிடித்துக்கொள்ளலாம்: அடியை மூன்றாகப் பகுத்து, முதல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது போல. ஓரளவுதான். பாட்டு மெதுவாகப் போகும்போது இந்த ஏற்றத்தாழ்வு கூடுகிறது. வேகம் ஏற ஏற இரண்டு பாதியும் சமத்தை நெருங்குகின்றன. எவ்வளவு நீட்டுவது, எவ்வளவு குறுக்குவது என்பது தாளில் எழுதப்படுவதில்லை. வாசிப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டே முடிவு செய்கிறார்கள். இதோடு இரண்டாம், நான்காம் அடிகளில் விழும் மெல்லிய அழுத்தத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

லிண்டி ஹாப்பில் டிரிபிள் ஸ்டெப் என்ற மூன்றடிக் கோவை இந்த நீளத்தின் மீதும் குறுக்கத்தின் மீதும் நிற்கிறது. நடுவில் வரும் சிறிய அடி, அந்தக் குறுகிய பின்பாதியில்தான் விழ வேண்டும். நேரடியான நடையில் அமைந்த இன்றைய பாப் பாட்டு ஒன்றை அதே வேகத்தில் போட்டாலும் ஆட முடியும், எண்ணிக்கை பொருந்தும். ஆனால் அந்தச் சிறிய அடிக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை. பாதம் தரையைத் தொடுகிறது, முழங்கால் தளர்வதில்லை. எண்ணிக்கை சரியாக இருப்பதால் மட்டும் ஒரு பாட்டு ஸ்விங் ஆகிவிடாது என்பதை உடம்பு இப்படித்தான் தெரிவிக்கிறது.

4

மூன்றாவது, முன்கூட்டியே உணரக்கூடிய கட்டமைப்பு. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது.

நான்கு அடியை ஓர் ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்வோம். அக்காலத்துப் பாட்டுகளில் மிகப் பல 32 ஆவர்த்தனத்தில் அமைந்தவை. எட்டு எட்டாக நான்கு பகுதி. முதல் பகுதி ஒரு மெட்டு. இரண்டாம் பகுதி அதே மெட்டு. மூன்றாம் பகுதி பாலம் என்று சொல்லப்படும் வேறு மெட்டு. நான்காம் பகுதி மீண்டும் முதல் மெட்டு. இன்னொரு வகை, 12 ஆவர்த்தனத்தில் சுற்றும் ப்ளூஸ். பேசியின் 'ஒன் ஓ கிளாக் ஜம்ப்' அந்த வகை. சிறு சிறு சொற்கட்டுகளைத் திரும்பத் திரும்ப வாசித்து, சுற்றுக்குச் சுற்று உக்கிரம் ஏற்றிக்கொண்டே போகும்.

இதைப் பாடமாகப் படிக்காதவர்கள்கூடச் சில மாதங்களில் உடம்பால் கற்றுவிடுகிறார்கள். எட்டு முடியப்போகிறது, ஏதோ திரும்பப்போகிறது என்று தோளுக்குத் தெரிகிறது. எதிரே இருப்பவரின் தோளுக்கும் அதே கணத்தில் தெரிகிறது. குழு முழுவதும் சட்டென நின்று, ஓரிரு அடிகளை வெறுமையாக விடும் இடத்தில், இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிறார்கள். யாரும் யாருக்கும் சைகை செய்யவில்லை.

அந்நியர்கள் ஒத்துப்போக இரண்டும் வேண்டும்: எங்கே போகிறோம் என்ற உறுதியும், போகும் வழியில் என்ன வரும் என்ற ஆவலும். கட்டமைப்பு உறுதியைத் தருகிறது. அதன் மேல் அப்போதைக்கப்போது வாசிக்கப்படும் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஆவலைத் தருகின்றன. உறுதி மட்டும் இருந்தால் அது அணிவகுப்பு. ஆவல் மட்டும் இருந்தால் இருவரும் பிரிந்துபோய் அவரவர் ஆட வேண்டியதுதான்.

5

இந்த உடன்பாடு தானாக முளைத்ததில்லை. இதை உண்டாக்கிய மனிதர்களும் இடமும் உண்டு.

நியூயார்க்கின் ஹார்லமில், லெனாக்ஸ் அவென்யூவில், 140ஆம் தெருவுக்கும் 141ஆம் தெருவுக்கும் நடுவே, 1926 மார்ச் 12 அன்று சவாய் பால்ரூம் திறக்கப்பட்டது. அதில் இரண்டு மேடைகள். ஒரு குழு முடித்ததும் அடுத்தது தொடங்கும், இசை நிற்பதில்லை. கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே தரையில் ஆடிய மண்டபம் அது. அந்நாட்டில் அன்று எத்தனையோ இடங்களில் அது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அங்கே ஆடிப் பழகிய லிண்டி ஹாப் ஆட்டக்காரர் ஃப்ராங்கி மேனிங், பிற்காலத்தில் அந்த மண்டபத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒன்றை வலியுறுத்துவார்: யாரும் நிறத்தைப் பார்க்கவில்லை, ஆட வருமா என்பதைத்தான் பார்த்தார்கள்.

1930களில் அந்த மண்டபத்தின் சொந்தக் குழு போல இருந்தது சிக் வெப் குழு. சிறுவயதில் முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் குள்ளமாகவும் கூன் விழுந்தும் போன உடல் வெப்புடையது. அவர் டிரம்ஸ் முன் உட்கார்ந்தால் மண்டபமே அவர் கையில். அவர் குழுவில்தான் இளம் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் புகழ் பெற்றார். 1937 மே 11 அன்று, நாடெங்கும் புகழில் இருந்த பென்னி குட்மேன் குழு சவாய்க்கு வந்து வெப்புடன் போட்டியிட்டது. அன்று வென்றது வெப் என்றுதான் வரலாறு சொல்கிறது. அவர் 1939இல் மறைந்தபோது வயது முப்பதைச் சுற்றித்தான்.

அந்தப் போட்டிகளில் யார் நீதிபதி என்று யோசிக்கிறேன். ஆடுகிறவர்கள்தான். எந்தக் குழு வாசிக்கும்போது தரை நிறைகிறது என்பதே தீர்ப்பு. ஒரு குழு ஆடுகிறவர்களைக் கவனிக்காமல் வாசித்தால் தரை காலியாகிவிடும். இந்த இசை உருவான உலைக்களம் அதுதான்.

6

லெஸ்டர் யங், பேசி குழுவின் டெனர் சாக்ஸபோன்காரர். ஜாஸ் இசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதாக மாறிவிட்ட காலத்தில், நடனத்துக்கு வாசிப்பதே தமக்குப் பிடிக்கும், ஆடுகிறவர்களின் லயம் வாசிப்பவரிடம் திரும்பி வருகிறது என்ற பொருளில் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வருகிறது. இந்த எண்ணத்தோடு நான் நெடுநேரம் இருந்திருக்கிறேன். அப்படியானால் நாம் இன்று கேட்கும் 1938ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றுக்குள் ஆடியவர்களும் இருக்கிறார்கள். பதிவுக் கூடத்தில் அவர்கள் இல்லைதான். ஆனால் முந்தைய இரவுகளில் அவர்களுடைய பாதங்கள் டிரம்ஸ்காரருக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கையில் இருக்கிறது.

7

பிறகு இசையும் ஆட்டமும் விலகின. அதற்குப் பல காரணங்கள். 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் பதிவு வேலைநிறுத்தம் தொடங்கியது. போரில் பல கலைஞர்களும் ஆட்டக்காரர்களும் படைக்குப் போனார்கள். 1944இல், நடனம் நடக்கும் கேளிக்கைக் கூடங்களுக்கு 30 சதவீத வரி வந்தது; பின்னர் அது 20 சதவீதமானது. வரியைத் தவிர்க்கப் பல கூடங்கள் நடனத்தை நிறுத்தின. ஹார்லமின் மின்டன்ஸ் பிளேஹவுஸ் போன்ற சிறு கூடங்களில் பீபாப் வளர்ந்தது: அசாத்திய வேகம், சிக்கலான இசைவுகள், எதிர்பாராத இடங்களில் வெடிக்கும் டிரம்.

பீபாப்பை நான் நேசிக்கிறேன். அதை உட்கார்ந்து கேட்கிறேன். ஒன்று மேலானது, மற்றது கீழானது என்று பிரிக்க மனம் வரவில்லை. பீபாப் கலைஞர்கள் ஆட்டக்காரர்களைத் துரத்தவில்லை; துரத்தியதில் வரிக்கும் பங்கு உண்டு.

8

எல்லையில் நிற்பவை பற்றிச் சில குறிப்புகள்.

லூயிஸ் ஜோர்டனின் சிறு குழு, 1940களில் ஜம்ப் ப்ளூஸ் வாசித்தது. நடை அழுத்தமானது, துள்ளலானது. தயக்கமில்லாமல் ஆடலாம்.

ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட் குழு பல பாட்டுகளில் நான்கடியை விட்டு இரண்டடி அழுத்தத்தில் வாசித்தது. ஆனாலும் அவர்களுடைய 1939ஆம் ஆண்டுப் பதிவொன்றுக்குத்தான் இன்று உலகெங்கும் லிண்டிக்காரர்கள் ஷிம் ஷாம் என்ற வரிசை ஆட்டத்தை ஆடுகிறார்கள். நான்கடி வேண்டும் என்று நான் மேலே எழுதியது விதியாக இறுகிவிடாமல் லன்ஸ்ஃபோர்ட் காக்கிறார்.

1950களின் பேசி குழு கனமானது, ஒலிப்பதிவு துல்லியமானது. 'ஷைனி ஸ்டாக்கிங்ஸ்' போன்ற நிதானமான பாட்டுகளில் ஒவ்வோர் அடிக்கும் முழு உடம்பையும் கொடுக்க நேரம் இருக்கிறது. இவை காலக் கணக்கில் வெளியே. நான் கேட்ட கேள்வியின்படி முற்றிலும் உள்ளே.

பிக் பேண்ட் வாசித்ததாலேயே ஒரு பாட்டு உள்ளே வந்துவிடாது. பெரிய குழுக்களின் காதல் மெல்லிசைகள் பல, அழகானவை, அணைத்தபடி மெல்ல அசைய ஏற்றவை. அவற்றில் லிண்டி ஹாப்புக்கு வேண்டிய உந்துதல் இல்லை.

பழைய டிரம்பெட் துணுக்கை வெட்டியெடுத்து, கணினித் தாளத்தின் மேல் ஒட்டிய பாட்டுகளும் வருகின்றன. துணுக்கு ஸ்விங், அதன் கீழே ஓடும் தாளம் பெரும்பாலும் நேர்நடை. ஆடும்போது காது ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போகின்றன.

வேகம் பற்றியும் ஒரு சொல். 1941இல் வந்த 'ஹெல்ஸாபாப்பின்' படத்தில் லிண்டிக்காரர்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 அடி என்ற வேகத்தில் பறக்கிறார்கள். அது படத்துக்காகத் தயாரித்த ஆட்டம், தேர்ந்த குழுவின் உழைப்பு. அறியாதவருடன் ஆடும் இரவுக்கு 130 முதல் 180 வரை போதும். அந்த வேகத்தில் எதிரே இருப்பவரைக் கவனிக்க நேரம் கிடைக்கிறது.

9

சவாய் 1958இல் மூடப்பட்டது. கட்டடம் இடிக்கப்பட்டு அங்கே குடியிருப்புகள் எழுந்தன. ஃப்ராங்கி மேனிங் அதற்கு முன்பே அஞ்சல் துறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தார். அங்கேயே சுமார் முப்பது ஆண்டுகள். 1980களில் ஸ்வீடனிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் இளைஞர்கள் அந்த ஆட்டத்தைத் தேடி நியூயார்க் வந்தார்கள். எழுபது வயதை ஒட்டிய மேனிங் மீண்டும் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். 2009இல், 95ஆம் பிறந்த நாளுக்கு ஒரு மாதம் முன்பு காலமாகும் வரை கற்றுக்கொடுத்தார். இன்று ஸ்டாக்ஹோமிலும் சியோலிலும் ஆடுகிறவர்களின் காலடியில் அவருடைய அடிகள் இருக்கின்றன.

எல்லாவற்றையும் ஸ்விங் என்று அழைத்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வாசலில் நிறம் பார்த்துத் திருப்பி அனுப்பிய ஒரு நாட்டில், கறுப்பர்கள் தம் இசையால் அந்நியர்கள் ஒருவரை ஒருவர் நம்பக்கூடிய ஓர் இடத்தைக் கட்டினார்கள். சீரான அடி, ஏறிக்குறையும் நடை, எட்டுக்கு ஒருமுறை வந்து சேரும் திருப்பம் எல்லாம் அந்தக் கட்டடத்தின் தூண்கள். அவற்றை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது அவர்கள் உழைப்பை மறப்பது.

அதனால் இசை தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வரும் இரவுகளில், முதல் ஒரு மணி நேரம் எல்லைப் பாட்டுகளை வைப்பதில்லை. பேசி, வெப், எலிங்டன், லன்ஸ்ஃபோர்ட், நடுவே சில ப்ளூஸ். வேகம் 150 அடியைச் சுற்றி. அன்றுதான் முதன்முதலாக வந்திருப்பவர், யாரென்று தெரியாத ஒருவருடன் முதல் பாட்டை ஆடும்போது, அந்தப் பாட்டு இருவரையும் தாங்க வேண்டும். அந்த நம்பிக்கை வந்த பிறகு அவர்கள் எந்தப் பாட்டைக் கேட்டாலும் போடுகிறேன். அது தங்களைத் தாங்குகிறதா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.