தலை இருக்கட்டும்... கனம்?

ரிமோட் கார் எல்லோருக்கும் தெரியும். 'ராக் க்ராலர்' தெரியுமா? பாறைமேல் ஊர்ந்து ஏறுகிற குட்டி ஜீப். பெரும்பாலும் நிஜ வண்டியில் 10-ல் ஒரு பங்கு அளவு. வேகம் கிடையாது, ஆமை நடைதான். இதற்கான அடிச்சட்டத்தை, அலுமினியத் தகட்டை அறுத்துத் தாங்களே செய்துகொள்கிற பிரியர்கள் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு தலைவலி. சட்டத்தை உயர்த்தினால், பாறை வயிற்றில் இடிக்காது. ஆனால், சரிவில் வண்டி குடை சாயும். தாழ்த்தினால் சாயாது. ஆனால், வயிறு பாறையில் உட்கார்ந்துகொள்ள, சக்கரங்கள் சும்மா சுற்றும்!

நம்ம பாடும் இதேதானே சார்? தன்மானம் என்று நிமிர்ந்தே நின்றால், உறவுகள் கவிழ்கின்றன. 'போனாப் போகுது' என்று குனிந்தே கிடந்தால், வர்றவன் போறவன் எல்லாம் இடிக்கிறான். எது சரி?

கைதேர்ந்தவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சட்டம் தேவையான உயரத்தில் இருக்கும். கனமான பேட்டரியை மட்டும் கீழே, முன்பக்கமாக இறக்கிவிடுவார்கள். முன் சக்கரங்களுக்குள் பித்தளை எடை வைப்பார்கள். வயிற்றுக்கு அடியில் வழவழப்பான தகடு... இடித்தாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஆக, உயரம் வேறு, கனம் வேறு!

நிலத் தகராறில் அண்ணனோடு நாலு வருஷம் பேசாமல் இருந்தேன். நியாயம் என் பக்கம்தான். இன்றும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால், போன மாதம் முதல் போனை நான்தான் போட்டேன்.

"அண்ணே, சாப்ட்டீங்களா?"

தலை அதே உயரத்தில்தான் இருந்தது. கனம்தான் இறங்கியிருந்தது!