மறந்த செயலுக்குப் பொறுப்பாளர் யார்?

நம் சங்கத்தைச் சார்ந்த உபாசகர் ஒருவர், சில திங்களுக்கு முன் பௌர்ணமி வழிபாடு முடிந்து யாவரும் கலைந்த பின்னும், எழுந்து செல்லாமல் சுவரோரம் அமர்ந்திருந்தார். காரணம் வினவினோம். நெடுநேரம் வாய் திறவாதவர், இறுதியில் ஒரு கேள்வி கேட்டார். அக்கேள்விக்கு அன்றிரவு எம்மால் விடை கூற இயலவில்லை. அதனை இங்கு எழுத்தில் ஆராய்வது, எம்மையொத்த பிறருக்கும் பயன்படலாம் என்று கருதியே.

நிகழ்ந்தது இது. 2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின், நம்மவருள் பல்லாயிரவர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் சென்று, உழைத்து, இரவில் திரும்புகின்றனர். இவ்வன்பரும் அவர்களுள் ஒருவர். ஒரு சனிக்கிழமை, கூலி கைக்கு வந்தவுடன், பகலுணவும் கொள்ளாத வயிற்றோடு, ரயில் புறப்படுமுன் விரைந்து குடித்திருக்கிறார். பங்காரப்பேட்டையில் விளக்குகளைக் கண்டது வரை அவருக்கு நினைவிருக்கிறது. அதன்பின் நினைவிருப்பது மறுநாட்காலை பாயில் கண் விழித்ததுதான். விழித்தவர், மனைவியின் மணிக்கட்டில் துணிக்கட்டு இருக்கக் கண்டு, உண்மையான பரிவோடு, "கையில் என்ன?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மையார் மறுமொழி கூறாது அடுப்பங்கரைக்குச் சென்றுவிட்டார். பக்கத்து லைன் வீட்டார் சொல்லித்தான் அவர் செய்தது அவருக்குத் தெரிந்தது. அவர் சாம்பியன் நிலையத்தில் ஒழுங்காக இறங்கி, இருட்டில் வழி தவறாமல் நடந்து, வீடு சேர்ந்து, சோறு கேட்டு உண்டு, அதன் பின்னரே மனைவியின் கையைத் திருகியிருக்கிறார். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மகளிடமும் ஏதோ ஒரு சொல் சொல்லியிருக்கிறார். அது என்ன சொல் என்பதை இன்றளவும் எவரும் அவருக்குக் கூறவில்லை.

அவர் எம்மைக் கேட்டது: "ஐயா, மன்னிப்புக் கேள் என்கிறார்கள். நினைவே இல்லாத ஒன்றுக்கு வருந்துகிறேன் என்று நான் சொன்னால், அது நான்காம் சீலத்திற்கு மாறான பொய்யாகாதா? செய்தவன் நான்தானா என்பதே எனக்கு விளங்கவில்லையே?"

இக்கேள்வியைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடுதல் எளிது. குடித்தவர் யாவரும் காலையில் பாடும் பல்லவி இது என்று சொல்லி நகைப்போரும் உளர். ஆயினும் ஒரு மனிதன் பொய்க்கு அஞ்சி நிற்கும்போது அவனை நகைத்தல் நமக்கு அழகன்று. ஆகவே, முதலில் மெய்யாகவே நினைவு அழிகிறதா, அழிந்தால் எங்ஙனம் என்று பார்த்தல் வேண்டும்.

அழிகிறது என்பதில் ஐயமில்லை. இன்னும் நுட்பமாகக் கூறின், அழிகிறது என்பதைவிட, பதிவாவதே இல்லை என்பதே பொருந்தும். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்றொரு பகுதி, அன்றன்று நிகழ்வனவற்றை நிலைத்த நினைவாக ஆக்கும் தொழிலைச் செய்கிறது. இரத்தத்தில் மது விரைந்து ஏறுங்கால் அத்தொழில் நின்றுவிடுகிறது. வெறும் வயிற்றில், குறுகிய நேரத்தில், மிகுதியாகக் குடிப்போர்க்கு இது நேர்கிறது. பொதுவாக 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 160 மில்லிகிராம் அளவையொட்டியும் அதற்கு மேலும் இந்நிலை காணப்படுகிறது. நம் நாட்டில் வண்டி ஓட்டுவோர்க்குச் சட்டம் விதித்த வரம்பு 30 மில்லிகிராம் என்பதை ஒப்பிட்டு நோக்குக. சிலர்க்கு இரவு முழுதும் ஒரே வெறுமையாகிவிடும். வேறு சிலர்க்குத் துண்டு துண்டாகச் சில காட்சிகள் எஞ்சி நிற்கும்.

1946-இல் ஜெல்லினெக் என்னும் ஆய்வாளர், குடியிலிருந்து மீண்டோர் கூறிய வரலாறுகளைத் திரட்டி, இந்நினைவின்மை குடிநோயின் தொடக்க அடையாளங்களுள் ஒன்று என எழுதினார். எனினும் நெடுங்காலக் குடியர்க்கு மட்டுமன்றி, என்றோ ஒருநாள் அளவு மீறிய இளைஞர்க்கும் இது நேர்வதைப் பிற்கால ஆய்வுகள் காட்டிவிட்டன. இந்நினைவின்மை குறிப்பிட்ட ஒரு கூட்டத்தாரின் மூளைக்கு மட்டும் உரியதன்று. குடியை ஒரு சாதியாரின் பிறவிக்குணம் போலப் பேசி நம் முன்னோரை இழித்துவந்தவர்கள் இதையும் அறிந்துகொள்வது நலம். ஆயினும் இன்று நாம் பேச வந்தது அவர்களைப் பற்றியன்று.

நம் கேள்விக்கு மிக வேண்டிய உண்மை, டொனால்ட் குட்வினும் அவரோடு ஆய்ந்தோரும் 1970-இல் வெளியிட்ட ஆய்வில் உள்ளது. மிகுதியாகக் குடிக்கும் வழக்கமுள்ள சிலரை மருத்துவர் கண்காணிப்பில் குடிக்கச் செய்து, பொருள்களைக் காட்டியும் நிகழ்ச்சிகளை நடத்தியும் சோதித்தனர். காட்டியது யாது என்று இரண்டு நிமிடங் கழித்துக் கேட்டபோது சரியாக விடை கூறியவர்களுள் சிலர், அரைமணி கழித்துக் கேட்டபோதும் மறுநாள் கேட்டபோதும் அறவே அறியாது விழித்தனர். இதன் பொருளை அன்பர்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். அவர்கள் அந்நேரத்தில் மயங்கிக் கிடக்கவில்லை. கண்டனர், கேட்டனர், விளங்கிக்கொண்டனர், விடையும் இறுத்தனர். அறிவு அந்நேரத்தில் இருந்தது. அதைக் காத்துவைக்கும் ஆற்றலே இல்லாதிருந்தது.

ஆகவே, "எனக்கு நினைவில்லை" என்று நம் அன்பர் கூறுவது மெய். "எனக்குத் தெரியாமல் செய்துவிட்டேன்" என்று கூறுவாராயின் அது மெய்யன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே குழப்பத்திற்கு வேர். கை திருகப்பட்ட அக்கணத்தில் அது யாருடைய கை என்பதைத் திருகியவர் அறிந்தே இருந்தார். நடைமேடையையும் தம் வீட்டுக் கதவையும் அறிந்தவர் மனைவியை மட்டும் அறியாதிருந்தார் எனல் பொருந்துமோ?

1956-இல் நம் உச்சநீதிமன்றம் இவ்வாறே ஒரு வழக்கை ஆராய்ந்தது. அக்காலப் பெப்ஸு மாநிலத்தில், ஒரு திருமண விருந்தில், படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், நன்றாகக் குடித்த நிலையில், தமக்கு வசதியான இடம் வேண்டி ஒரு சிறுவனை விலகியமரச் சொன்னார். சிறுவன் விலகவில்லை. கைத்துப்பாக்கியால் சுட்டுவிட்டார், சிறுவன் மாண்டான். குடிவெறியில் கொல்லும் எண்ணம் இருந்திருக்க இயலாது என்று வாதிடப்பட்டது. தாமே நடந்து வந்தார், பொருந்தப் பேசினார், தமக்கென ஓரிடத்தைத் தேர்ந்தார், பிடிபட்டபின் செய்ததை உணர்ந்து மன்னிப்பு வேண்டினார் என்பவற்றை எடுத்துக்காட்டி, நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. தானே விரும்பிக் குடித்தவனுக்கு, குடியாதவனுக்குரிய அறிவு உண்டென்றே கொள்வது நம் சட்டம். பிறர் வஞ்சித்தோ வலிந்தோ குடிக்கச் செய்தவனுக்கே விலக்கு. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலிருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

சட்டம் தண்டிப்பதற்கு இஃது போதும். தருமம் அதனோடு நிற்பதில்லை. மனத்தின் துணிவே வினை என்பது பகவன் புத்தர் கொள்கை. இங்கு ஒருவர் கேட்கலாம்: "நிலைத்த ஆன்மா இல்லை என்பதும் உங்கள் கொள்கையாயிற்றே, நினைவென்னும் இழையும் அறுந்தபின், நேற்றிரவு குடித்தவனையும் இன்று காலை விழித்தவனையும் பிணைப்பது யாது?" இதே வினாவை மிலிந்த மன்னன் நாகசேனரிடம் வேறு வடிவில் கேட்டான். மாங்கனி திருடியவன், "நான் எடுத்த கனி இவர் நட்ட விதையன்று" என்று வாதிடினும் தண்டனைக்குரியவனே, ஏனெனில் அதிலிருந்தே இது தோன்றிற்று, என்று அவர் விடையளித்தார். பிணைப்பது காரணகாரியத் தொடர்ச்சி, நினைவன்று. மறுபிறப்பைப் பற்றி நம்முள் கருத்து வேற்றுமை உண்டாதலின் அதனை இங்கு இழுக்க வேண்டா. ஒரே பிறவியிலேயே சான்று உண்டு. தாய்ப்பால் அருந்திய நாட்கள் நம்முள் எவருக்கு நினைவிருக்கின்றன? நினைவில்லை, ஆதலால் தாய்க்கு யாம் கடன்பட்டிலோம் என்று கூறுவாரும் உண்டோ? பெற்ற நன்மைக்கு நினைவு வேண்டாமற் கடன் நிற்குமாயின், இழைத்த தீமைக்கும் அங்ஙனமே நிற்கும்.

அதே நூலில் நாகசேனர் கூறுவதாக மற்றொன்றும் உண்டு. அறிந்து செய்பவனினும் அறியாமற் செய்பவனுக்கே தீமை மிகுதி என்பது. பழுக்கக் காய்ந்த இரும்புருண்டையைச் சூடென்றறியாது பற்றுபவன் கையே பெரிதும் வேகும் என்பது அவர் காட்டும் உவமை. முன்பு யாம் இதனைப் படித்தபோது நீதிக்கு முரணானதாகத் தோன்றியது. எம்முள் சிலர்க்கு இன்றும் அவ்வாறே தோன்றுகிறது. ஆனால் உபாசகரின் நிலையை எண்ணுங்கால் ஒன்று விளங்குகிறது. நினைவுள்ளவனை, தான் செய்ததன் கொடிய காட்சி அடுத்த முறை தடுத்து நிறுத்தும். நினைவற்றவனுக்கு அத்தடையும் இல்லை. அவன் மீண்டும் அவ்விரும்பை அதே இறுக்கத்தோடு பற்றுவான்.

பாலி மொழியில் 'சதி' என்னும் சொல் நினைவையும் குறிக்கும், விழிப்பையும் குறிக்கும். ஐந்தாம் சீலம் மதுவை விலக்குவது அது சோர்வுக்கு, அஃதாவது அச்சதியின் இழப்புக்கு, இடமாகிறது என்பதாலேயே. சாகத தேரரின் வரலாறு அன்பர்கள் அறிந்ததே. கொடிய நாகத்தையே அடக்கிய அத்தேரர், கோசாம்பி நகரில் மக்கள் அன்போடு வீடுதோறும் அளித்த மதுவைப் பருகி, நகர வாயிலில் வீழ்ந்தார். கொணர்ந்து கிடத்தியபோது, புரண்டு, ததாகதர் இருந்த பக்கம் காலை நீட்டிக்கொண்டார்.  ததாகதர் சூழநின்ற பிக்குகளை நோக்கி, இவர் முன்பு நம்மிடம் மரியாதை உடையவரன்றோ, இப்போது ஒரு நீர்ப்பாம்பையேனும் இவரால் அடக்கவியலுமோ என்று வினவினார். காலையில் சாகதருக்கு அது நினைவிருந்திராது, கண்டவர்க்கே நினைவிருக்கும். அதன்பின் எழுந்த விநய விதி, மது என்றறியாமற் பருகிய பிக்குவையும் குற்றவாளி ஆக்குகிறது. சித்தம் பேதலித்தவனுக்கு விலக்களிக்கும் அதே விநயம், குடித்தவனுக்கு அவ்விலக்கை அளிக்கவில்லை. பித்துப் பிடித்தவன் தன் பித்தைக் கையிலேந்தி வாய்க்குக் கொண்டுசென்றவன் அல்லன்.

இனி, மன்னிப்பைப் பற்றிய ஐயம். நம் அன்பர் அஞ்சியது ஒருவகையில் நியாயமே. பிறர் சொல்லக் கேட்டதைத் தாமே கண்டது போலக் கற்பனையில் வரைந்து, "ஐயோ, நினைத்தாலே நெஞ்சு வேகிறது" என்று அழுவாராயின் அது பொய்தான். "அப்படி நான் செய்திருந்தால்" என்று தொடங்குவதோ அதனினும் கீழ். அவ்வொரு சொல், அடிபட்டவரையே பொய்யராக்கும்.

நினைவில்லாதவன் பிறர் கூறும் யாவற்றையும் நம்ப வேண்டுமோ எனின், அதுவும் அன்று. குடித்திருந்த இரவில் கடன்பத்திரத்தில் ஒப்பமிட்டாய் என்று காலையில் வந்து நிற்கும் வட்டிக்காரனையும் நம்மவர் கண்டதுண்டு. உடன்படிக்கையின் பொருளை உணரவியலாத அளவு குடித்திருந்தவன் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் கருத்து. நினைவை இழந்தவன் வஞ்சகர்க்கு எளிய இரை. ஆனால் வட்டிக்காரனுக்கு அவன் சொல்லால் ஆதாயம் உண்டு. மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வாய் திறவாதிருந்த அம்மையாருக்கு யாது ஆதாயம்?

உண்மையில் அந்த இரவு எங்கும் போய்விடவில்லை. செய்தவரிடம் இல்லாத நினைவு முழுவதும் அவ்வம்மையாரிடமும் அப்பெண்ணிடமும் தங்கிவிட்டது. அவர் உறங்கி எழுந்து பரிவோடு கேள்வி கேட்கிறார். அவர்கள் இருவருமோ இருவர்க்குரிய பாரத்தைச் சுமக்கிறார்கள். எமக்கு இதுவே அச்செயலினும் பெருங்கொடுமையாகத் தோன்றியது.

ஆகையால் அடுத்த வாரம் அவர் வந்தபோது எம் கருத்தைக் கூறினோம். உமக்கு நினைவுள்ளது ஒன்று உண்டு: முதற்குவளை. அதனைத் தெளிந்த அறிவோடு, பஞ்சசீலம் ஏற்ற வாயாலேயே பருகினீர். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள் மது அருந்தேன் என்பதும் ஒன்று. அதனை நீரும் கூறியுள்ளீர். அந்தக் குவளைக்காக வருந்துவதில் பொய் இல்லை. பின்னர் நிகழ்ந்ததைப் பற்றி, "எனக்கு நினைவில்லை, நீ சொல்வதை நம்புகிறேன், முழுவதையும் சொல், கேட்டுக்கொள்கிறேன்" என்று கூறுவதிலும் பொய் இல்லை. கேட்டுக்கொண்டபின் மறுமொழியாக எதுவும் சொல்லற்க.

அவர் சென்று அவ்வாறே கூறினாராம். அம்மையார் உடனே சொல்லவில்லை. மூன்றாம் நாள் மாலை, அரிசி புடைத்துக்கொண்டே, சாம்பியன் நிலையத்திலிருந்து அவர் வந்து கதவைத் தட்டிய நேரந்தொட்டுத் தொடங்கினாராம். மகளிடம் சொன்ன சொல் வரும் இடத்தில் நிறுத்தி, "அதை அவளே சொல்லட்டும்" என்றாராம். மகள் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த பௌர்ணமியன்று அவர் வந்திருந்தார். நான்கு சீலங்களை எல்லோரோடும் சேர்ந்து சொன்னார். ஐந்தாவதை மற்றவர்கள் சொல்லி முடித்த பின், தனியே, தாழ்ந்த குரலில் சொன்னார். அம்மையார் அன்று வந்திருக்கவில்லை.