அதிகாரம் இடம்மாறினால் நீதி பிறக்குமா?

பெண்ணொருத்தியின் சொல் செல்லும் வீட்டை 'அல்லி இராச்சியம்' என்று எள்ளுவது தமிழர் வழக்கு. ஆணின் சொல் செல்லும் வீட்டுக்கு அத்தகைய பெயர் எதுவுமில்லை. தனிப்பெயரிட்டுச் சுட்டவேண்டிய அளவுக்கு அது எவருக்கும் புதுமையாகத் தோன்றாமையே இதற்குக் காரணமாகும். ஓரிடத்தில் நெடுங்காலம் நிலைத்துவிட்ட அதிகாரம் இயற்கை நியதிபோலக் காட்சியளிக்கத் தொடங்குகிறது. அக்காட்சியைக் கலைக்க எழுந்த கற்பனைகளுள் ரொக்கேயா சகாவத் ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு' குறிப்பிடத்தக்கது.

வங்காள முஸ்லிம் குடும்பமொன்றிற் பிறந்து, பர்தாக் கட்டுப்பாட்டினுள் வளர்ந்த ரொக்கேயா இக்கதையை ஆங்கிலத்தில் எழுதினார். சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மகசீன்' என்னும் இதழில் 1905 ஆம் ஆண்டு இது அச்சேறியது. கதைத்தலைவி கனவிற் காணும் நாட்டிலே பெண்கள் ஆட்சியும் ஆய்வும் நடத்துகின்றனர். ஆடவர் வீட்டினுள் அடைபட்டுள்ளனர். ஆடவர் படை தோற்றுத் திரும்பியபின், சூரிய வெப்பத்தைக் கருவியாக்கிப் பகைவரை விரட்டியவர்கள் பெண்களே.

இதனை வாசித்த ரொக்கேயாவின் கணவர், இது பயங்கரமான பழிவாங்கல் என்று கூறினாராம். மனைவியின் கல்விக்கும் எழுத்துக்கும் துணைநின்றவர் அவர் என்பதை நோக்குமிடத்து, அக்கூற்று மேலும் சிந்தனைக்குரியதாகிறது. வாசகரும் இவ்வாறே இருவேறு நிலைப்பாடுகளை மேற்கொள்ளுதல் கூடும். ஒரு சிறைக்கு மறுசிறை விடையாகுமா என்பது ஒரு சாராரின் வினா. இது ஆட்சித் திட்டமன்று, சமூகத்தின் முன் பிடித்த கண்ணாடி என்பது மறுசாராரின் விடை. பெண்கள் மின்னாற்றல் பெற்று ஆடவரை அடக்குவதாக நயோமி ஆல்டர்மன் 2016 இல் எழுதிய 'த பவர்' நாவலும் இதே விவாதத்துக்கு இடமளிப்பதாகும்.

கண்ணாடி என்ற விளக்கம் பெரிதும் பொருத்தமானதே. ஆணை வீட்டினுள் அடைப்பது கொடுமையெனப் பதறுபவர், பெண்ணை அடைத்ததும் கொடுமையே என்பதைத் தம்மையறியாமலே ஒப்புக்கொண்டுவிடுகிறார். ஆயினும், இக்கனவில் தலைகீழாகாத ஒன்றும் உண்டு. அங்கே சமையலும் குழந்தை பராமரிப்பும் அடைபட்ட ஆடவரின் கடமைகளாகின்றன. கரண்டி பிடிக்கும் கை மாறியதேயன்றி, அடங்கியிருப்பவர்க்கே அடுப்பங்கரை என்னும் விதி மாறவில்லை.

இலங்கையின் அனுபவமும் இதனையே உணர்த்துகிறது. 1960 இல் உலகின் முதற் பெண் பிரதமராக சிறிமாவோ பண்டாரநாயக்க இந்நாட்டிற் பதவியேற்றார். எனினும், தோட்டத்திற் கொழுந்து பறித்த பெண், ஆணுக்குச் சமமான நாட்கூலியைப் பெற 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உச்சியில் ஆள்மாறியமை அடித்தளத்தை அசைக்கவில்லை.

கண்டி நகரைத் துப்புரவாக்கத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் மஹய்யாவயிலே தலைமுறைகளாக வாழ்கின்றனர். அவர்களுள் ஒருத்தி இக்கதையை வாசிப்பாளாயின், அந்நாட்டை ஆள்பவர் யார் என்பதோடு அவளுடைய வினா நின்றுவிடாது. அங்கே வீதி பெருக்குபவர் யார், அவருடைய பிள்ளையின் கையிலும் அதே விளக்குமாறுதானா என்றும் அவள் கேட்பாள். பெண் என்பதால் அடுப்பும், பிறப்பினால் விளக்குமாறும் ஒருவர் தலையில் விதிக்கப்படுமாயின், இரண்டும் ஒரே அநீதியின் இரு முகங்களாம்.

ரொக்கேயாவின் வாழ்க்கை அவரது கனவைவிடத் தெளிவான விடையைத் தருகிறது. கனவில் ஆடவரை அடைத்த அவர், நனவில் எவரையும் அடைக்க முனையவில்லை. கணவரின் மறைவுக்குப் பின் 1911 இல் கல்கத்தாவிலே முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கெனப் பாடசாலை நிறுவி, வீடுவீடாகச் சென்று பெற்றோரை இணங்கச் செய்தார். பூட்டுக்குள் இருப்பவரை மாற்றுவது கதைக்குப் போதுமானது. பூட்டையே திறப்பதுதான் நீதி. அதற்குரிய உழைப்பு நீண்டது என்பதையும் அவர் வாழ்ந்து காட்டினார்.