தள்ளப்பட்டவரின் தகுதி

பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் உள்ள கம்பெனிகள், புதிதாகப் படித்து முடித்தவர்களை வேலைக்கு அழைக்கும் விளம்பரங்களில் அடிக்கடி காணப்படும் நிபந்தனை ஒன்று உண்டு: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகிய மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும், அரியர் இருக்கலாகாது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓசூர் வழியாகப் பஸ் ஏறி, மதிப்பெண் பட்டியல்களின் ஜெராக்ஸ் பிரதிகளைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு மார்போடு அணைத்தபடி வந்து நிற்கும் இளைஞன், தகப்பனார் நோயில் விழுந்த வருஷத்தில் பத்தாம் வகுப்பில் 58 சதவீதம் வாங்கியிருப்பானாகில், அதற்குப் பிந்திய ஆறு ஆண்டுகளில் அவன் கற்றது என்ன, செய்தது என்ன என்று எவரும் வினவாமலே வாயிலில் விடை கொடுத்து அனுப்பப்படுகிறான். இது அநீதியா, அன்றி உலகத்தில் தவிர்க்கவியலாத சிறு அசௌகரியங்களுள் ஒன்றா என்பது ஆராயத்தக்கது.

முதலாளியின் பட்சத்தில் சொல்லத்தக்கது நிறையவே உண்டு. சொற்ப இடங்களுக்கு ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் வந்து குவியும்போது எல்லாரையும் இருத்திப் பேசிப் பார்ப்பதென்பது நடவாத காரியம். யாரையேனும் எவ்விதத்திலேனும் கழித்தே ஆகவேண்டும். கழிப்பதற்கு ஒரு கோடு கிழித்தால் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நல்லவர் சிலர் நிற்கத்தான் செய்வர். இவ்வளவும் ஒப்புக்கொள்ளத்தக்கதே. ஆனால் தேர்வு செய்பவர் இழைக்கக்கூடிய பிழைகள் இரண்டனுள், தகுதியற்றவனைச் சேர்த்துக்கொண்ட பிழை ஆறு மாதத்துக்குள் அம்பலத்துக்கு வந்துவிடுகிறது. தகுதியுள்ளவனைத் தள்ளிய பிழையோ, அவன் எங்கே போனான், என்ன ஆனான் என்பதைத் தள்ளியவர் அறிய வழியே இல்லாமையால், எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. தாம் கண்ட பிழைகளை மட்டும் எண்ணிப் பார்த்துத் தம்முடைய கணிப்பு பழுதற்றது என்று அவர் வருஷத்துக்கு வருஷம் உறுதி கொள்கிறார். காணாத பிழைகளின் நஷ்டத்தையோ, அவற்றைச் செய்யாத ஒருவன் சுமக்கிறான். ஒருவருடைய சௌகரியத்துக்கான விலையை மற்றொருவர் செலுத்தும் இடத்தில், அது நிர்வாகப் பிரச்சினை மட்டுமாக இருந்துவிட முடியாது.

இந்த விவாதம் கன்னட நாட்டுக்குப் புதிதன்று. 1918-இல் மைசூர் மகாராஜா நாலாவது கிருஷ்ணராஜ உடையார், சமஸ்தானத்து உத்தியோகங்களில் பிராமணரல்லாத வகுப்பினர் மிகச் சொற்பமாக இருந்த நிலையை ஆராயும்படி, தலைமை நீதிபதி சர் லெஸ்லி மில்லரின் தலைமையில் ஒரு கமிட்டியை நியமித்தார். திவானாக இருந்த சர் எம். விசுவேசுவரய்யா, உத்தியோகத்துக்கு யோக்யதையே அளவுகோலாக இருக்கவேண்டும், பின்தங்கியவர்களுக்குக் கல்வியைப் பெருக்கித் தருவதே தக்க பரிகாரம் என்ற அபிப்பிராயத்தில் உறுதியாக நின்று, பதவியை விட்டு விலகினார். அவரை எளிதில் குறை சொல்லிவிட முடியாது. இளமையிலேயே தந்தையை இழந்து, பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வருமானத்தில் பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படித்து, 1881-இல் பி.ஏ. தேறி, சமஸ்தானத்தின் உதவியால் பூனாவில் என்ஜினீயரிங் கற்ற மனிதர் அவர். பரீட்சை ஏணியில் ஏறி வந்தவருக்கு அந்த ஏணியில் நம்பிக்கை இருப்பது இயற்கை. ஆயினும் முத்தேனஹள்ளியில் அவர் பிறந்த வீடு, வறுமை நேர்ந்த வீடாயினும், ஏடும் எழுத்தும் தலைமுறைகளாகப் பழகிய வீடு. அவ்விதப் பழக்கத்தின் பயனை அவரே அறியாமல் பரீட்சை அவருக்குச் சேர்த்து மதிப்பெண் இட்டிருக்கும் என்பதை அவருடைய வாதம் கணக்கில் கொள்ளவில்லை.

மில்லர் கமிட்டி 1919-இல் அளித்த அறிக்கை, ஏழு ஆண்டுகளுக்குள் உயர் உத்தியோகங்களில் பாதிக்கும் கீழ் உத்தியோகங்களில் மூன்றில் இரண்டுக்கும் குறையாத பங்கு பின்தங்கிய வகுப்பினருக்குச் சேரவேண்டும் என்றது. எண்ணிக்கையைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது அது கூறிய காரணம்: திறமையைப் படிப்பை மட்டும் கொண்டு அளக்கலாகாது, பரிவு, நேர்மை, ஊக்கம், நடைமுறை அறிவு ஆகியனவும் ஒரு நல்ல அதிகாரியை ஆக்குவதில் அதற்குச் சளைத்தவையல்ல என்பது. நூறாண்டுகளுக்குப் பிறகும் இதைப் புதிய தத்துவம்போல் மேடையில் பேசுகிறவர்கள் உண்டு.

மதிப்பெண்ணை விட்டு நேர்முகத் தேர்வுக்குப் போனால் நியாயம் கிடைத்துவிடும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. பெங்களூரிலுள்ள தேசிய உயராய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கரோல் உபாத்யா, ஏ.ஆர். வாசவி இருவரும் சாஃப்ட்வேர்த் தொழிலை ஆராய்ந்து 2006-இல் அளித்த அறிக்கை, அங்கே பணிபுரிவோர் பெரும்பாலும் நகர்ப்புற நடுத்தர வகுப்பினராகவும் மேல்சாதியினராகவும் இருப்பதை எடுத்துக்காட்டியது. எச்.ஆர். ரவுண்டில் 'கம்யூனிகேஷன்' என்ற பெயரால் சோதிக்கப்படுவது பல வேளைகளில் ஒருவன் எந்தப் பள்ளியில் எவ்வித ஆங்கிலம் கேட்டு வளர்ந்தான் என்பதே. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் ஒரே விதமான தகுதியுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பிப் பார்த்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தலித் பெயர் தாங்கியவை மேல்சாதிப் பெயர் தாங்கியவற்றைவிடக் குறைவாகவும், முஸ்லிம் பெயர் தாங்கியவை அதனினும் குறைவாகவும் அழைப்புப் பெற்றன. பெயரைப் பார்த்ததற்குப் பிறகுதானே பேச்சு! வேலையில் இருப்பவர் தம் சிநேகிதரைச் சேர்த்துவிட்டால் சன்மானம் பெறும் 'ரெஃபரல்' முறையோ, நம் பாட்டனார் காலத்துச் சிபாரிசு கூலி பெற்று வந்திருப்பதன்றி வேறில்லை.

விசித்திரம் என்னவெனில், இதற்கு மாறான அனுபவம் இந்த நகரத்துக்கே உண்டு. சாஃப்ட்வேர்த் தொழில் வளர்ந்த ஆண்டுகளில், சிவில் படித்தவரையும் மெக்கானிக்கல் படித்தவரையும் சேர்த்துச் சில மாதப் பயிற்சியில் புரோகிராம் எழுதவைத்த கம்பெனிகள் பல; இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, படித்ததைவிடப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஆற்றலே முக்கியம் என்று சொல்லியே ஆள் எடுத்தார்; விப்ரோ, பி.எஸ்ஸி. பட்டதாரிகளை வேலையில் அமர்த்தி, பிலானி பிட்ஸ் மூலம் மேற்படிப்பும் அளித்தது. ஆள் தேவைப்பட்டபோது அகலத் திறந்த கதவு, ஆள் மலிந்தபோது பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணளவுக்குக் குறுகியது என்றால், அந்த மதிப்பெண் அளந்தது திறமையை அன்று, சந்தை நிலவரத்தை.

பரிகாரம் என்று பலவும் சொல்லப்படுகின்றன. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்ச் சபை, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கவைத்தது. தகுதி பெற்றவர்களுக்குள் வேற்றுமை காண இயலாதபோது, காண்பதாகப் பாவனை செய்வதைவிடக் குடவோலை யோக்கியமான வழி. (நிலமும் வேதப் பயிற்சியும் இல்லாதவர் பெயர் அந்தக் குடத்துக்குள்ளேயே போகவில்லை என்பதையும் மறத்தலாகாது.) செய்யவேண்டிய வேலையின் மாதிரி ஒன்றைக் கொடுத்துப் பெயரை மறைத்துத் திருத்துவது இன்னும் நல்லது, அதற்கு விண்ணப்பதாரர் செலவிடும் நாட்களுக்குக் கூலி கொடுப்பது கடமை. ஆனால் இவை யாவற்றுக்கும் முன்னதாக ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டும் எடுக்கும் ஆட்களில் ஒரு பங்கினரை, கோட்டுக்குக் கீழே தள்ளப்பட்டவர்களிலிருந்து பொறுக்கி, யார் அவர்கள் என்று மேலதிகாரிக்குத் தெரிவியாமல் அமர்த்தி, ஈராண்டு கழித்து இருசாராரின் வேலையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். புதிய மருந்துக்கும் இயந்திரத்துக்கும் இவ்வித சோதனையை இன்றியமையாததாகக் கொள்ளும் தொழிலதிபர்கள், தங்கள் 60 சதவீதக் கோட்டை மட்டும் அதற்கு உட்படுத்தத் தயங்குவார்களாயின், செலவு அதிகம் என்பதை அதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. மாதிரிக்கு எடுக்கும் அந்தச் சிலருக்கான சம்பளம், ஆள் சேர்ப்பு ஏஜென்சிகளுக்கு அவர்கள் அளக்கும் கமிஷனோடு வைத்துப் பார்த்தால் பெரிய தொகையாகத் தோன்றாது.