முதுமையும் மொழிக் கல்வியும்

அறுபது வயதைக் கடந்த ஒருவர் புதியதொரு மொழியைக் கற்கத் தொடங்குவாராயின், "வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது, இனி எழுத்துக் கூட்டி என்ன பயன்?" என்று நகைப்போர் உளர். இந்நகைப்பு நியாயமானதுதானா என்பதை நாம் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

ஐதராபாத்தில், மறதிநோயுற்ற 648 பேரைக் குறித்து மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் அவர்தம் குழுவினரும் செய்த ஆராய்ச்சி 2013-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு மொழி மட்டும் அறிந்தோரைக் காட்டிலும், பல மொழி பேசுவோரை அந்நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதித்தே பற்றியது என்பது அதன் முடிவு. எழுத்தறியாதாரிடத்தும் இவ்வேறுபாடு காணப்பட்டது. ஆகவே இது பள்ளிப் படிப்பினால் மட்டும் விளைந்த பயன் அன்று. பள்ளி வாயில் அடைக்கப்பட்ட நம் முன்னோர் ஆலையிலும் சந்தையிலும் செவிவழியே பயின்ற மொழிகளும் அறிவுச் செல்வமே என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

அவர்கள் நெடுங்காலம் பேசிப் பழகியவர்கள். முதுமையில் தொடங்குவோர்க்கு அப்பயன் கிட்டுமோ எனின், இத்தனை ஆண்டு நோய் தள்ளிப்போகும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால் ஸ்காட்லாந்தில் 1936-இல் பிறந்தோரைப் பதினோராம் வயதிலும் பின்னர் எழுபதைக் கடந்த வயதிலும் சோதித்து, 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 18 வயதிற்குப் பின் வேற்றுமொழி கற்றவரிடத்தும் நன்மை தென்பட்டது. புதிய மொழி பேசுங்கால், நாவில் முந்தி வரும் தாய்மொழிச் சொல்லை அடக்கி, வேறு சொல்லைத் தேடி எடுக்கின்றோம். கவனத்திற்கும் நினைவிற்கும் அது நல்ல பயிற்சியாகும்.

ஆயினும் இங்கு ஒரு தீங்கை விலக்குதல் வேண்டும். மறதியால் வருந்தும் முதியோரை நோக்கி, "மனத்தைப் பழக்காதவர் வினை இது" எனப் பழிப்பது அறமன்று. பன்மொழி வல்லாரையும் அந்நோய் பற்றவே செய்கிறது. முயற்சி நம்முடையது, விளைவு முழுவதும் நம் வசத்தில் இல்லை.

அங்ஙனமாயின் எதன் பொருட்டுக் கற்பது? பேரப்பிள்ளையின் முன் மாணாக்கராய் அமரும்போது, "நான் மூத்தவன்" என்னும் செருக்கு அடங்குகிறது. அயல் மொழியாளரின் துயரத்தை அவர் சொல்லாலேயே கேட்க முடிகிறது. இவ்விரண்டும், நோய் வரினும் வராவிடினும், கற்கும் அன்றே கைகூடும் பயன்களாகும். ஆதலின் அன்பர்களே, நம் இல்லத்து முதியோர் கற்க விழைந்தால், நகையாது உடனமர்ந்து சொல்லிக் கொடுப்போமாக.