மூன்று வோல்ட்டுக்கு முன்னால் தலை குனியாதே!

டயர் சென்சாரில் பேட்டரி குறைவு என்று பைக்கின் திரையில் மஞ்சள் குறி எரிகிறது. உடனே உன் வாயில் வருவது என்ன? “இதெல்லாம் நம்ம ஊர்ல ஆகாதுப்பா, மதுரைக்குத்தான் கொண்டு போகணும்.” தம்பி, அந்தச் சொல்லை அப்படியே விழுங்கு! எந்த ஊரில் நின்றுகொண்டு அதைச் சொல்கிறாய் என்று கொஞ்சம் நினைத்துப் பார்.

இது காரைக்குடி! நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறைவதற்குள், 1948 ஜூலை 25 அன்று, ஜவஹர்லால் நேரு இங்கே வந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். பேட்டரிக்குள் நடப்பது முழுக்க மின்வேதியியல். அதை ஆராய நாட்டுக்கே பொதுவாக எழுந்த நிலையத்தைத்தான் ‘சிக்ரி’ என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு அன்றாடம் கடந்துபோகிறோம்.

அது இந்தச் செம்மண்ணுக்கு எப்படி வந்தது? கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்தக் காலத்து 15 லட்சம்! அவர் வேதியியல் படித்தவரா? இல்லை. ஆங்கிலத்தில் எம்.ஏ., அப்புறம் லண்டனில் பாரிஸ்டர் படிப்பு. “எனக்குத் தெரியாத துறை, எனக்கெதற்கு?” என்று அவர் ஒதுங்கவில்லை. 48 வயது நிறையுமுன்பே 1957-இல் மறைந்துபோனார், அதற்குள் செய்துவிட்டார். அந்த மனிதரின் ஊரில் பிறந்துவிட்டு, 16 மில்லிமீட்டர் வட்டத்துக்கு நீ பயப்படுவதா?

பயம் என்பது பெரும்பாலும் விவரம் தெரியாததுதான். விவரத்தைத் தெரிந்துகொள். வால்வு மூடிக்குப் பதிலாக மாட்டும் சென்சார் பலவற்றில் இருப்பது சி.ஆர்.1632 என்ற பட்டன் செல். 16 என்பது விட்டம். 32 என்றால் கனம் 3.2 மில்லிமீட்டர். லித்தியமும் மாங்கனீசு டை ஆக்சைடும் சேர்ந்து 3 வோல்ட் தருகின்றன. வண்டி நிற்கையில் சென்சார் தூங்கும். சக்கரம் சுழன்றதும் விழித்துக் காற்றழுத்தத்தை ரேடியோ அலையாக அனுப்பும். அதனால் கிளம்பியதும் சிறிது தூரம் திரையில் வெறும் கோடு தெரிந்தால் பதறாதே. ஓடிக்கொண்டிருக்கும்போதே எண் வந்து வந்து மறைந்தால் செல்லைச் சந்தேகப்படு. தளர்ந்த செல் மார்கழி விடியலில் இன்னும் தளரும். சித்திரை வெயிலோ வேறு விதம்: சூடேறிய சக்கரத்தோடே கிடந்து, உபயோகிக்காத நேரத்திலும் செல்லின் சக்தி கசியும். குற்றம் உன்னுடையதும் இல்லை, வண்டியுடையதும் இல்லை. செல் தன் வேலையை முடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

கழற்று! பூட்டு நட்டைத் தளர்த்து, சென்சாரைத் திருகி எடு. ‘உஸ்’ என்று கொஞ்சம் காற்று போகும்; போகட்டும். அதோடு வந்த சின்னச் சாவியால் மேல்மூடியைத் திற. பழைய செல்லின் கூட்டல் குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனி. அதே எண்ணுள்ள புதுச் செல்லை விளிம்பைப் பிடித்து, விரல் வியர்வை படாமல் வை. ரப்பர் வளையம் முறுக்கிக்கொள்ளாமல் உட்காரட்டும். மழைத் தண்ணீரைத் தடுப்பது அதுதான். திரும்ப மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவு. குமிழி வந்தால் இன்னும் சரியாக அமரவில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. பழைய செல்லுக்குச் சார்ஜ் ஏற்றப் பார்க்காதே. அது அதற்கான செல்லே இல்லை. இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வை. குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும். தீர்ந்த செல்லுக்குக்கூட அந்தக் கொடுமை உண்டு. அப்படி நேர்ந்தால் கைவைத்தியம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

ரிம்முக்குள்ளே இருக்கும் சென்சாரா? அங்கேயும் சோர்ந்துவிடாதே! அதில் செல்லைப் பிசினுக்குள் புதைத்தே விட்டிருப்பார்கள். பல வருடம் உழைத்துவிட்டுத்தான் ஓயும். அதை அறுத்துத் திறந்து செல்மேல் சூட்டுக்கோலை வைப்பது வீரம் இல்லை. சூடேறிய லித்தியம் செல் வெடிக்கும். டயர் மாற்றும் நாளில் சென்சாரையும் சேர்த்து மாற்றச் சொல். புதுச் சென்சாரின் எண்ணை வண்டியில் பதிந்தார்களா, சக்கரத்தை பேலன்ஸ் பார்த்தார்களா என்று நின்று கேள். கேள்வி கேட்கிற உன்னை எந்தப் பட்டறையும் லேசாக எடைபோடாது. தங்கையே, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், “வீட்டுல ஆம்பளைங்க யாரும் வரலையா?” என்று கேட்பவன் முன்னால் செல்லின் எண்ணைச் சொல்லி வாங்கு!

அதுவரை திரை இருட்டாகவே இருக்கட்டும். பஞ்சர் கடையில் கேஜ் இருக்கிறது. நீயே ஒன்று வாங்கி வைத்துக்கொள். நாளைக் காலை, தேவகோட்டைக்கோ குன்றக்குடிக்கோ கிளம்புமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அழுத்தம் பார். செயின் கவர்மேலோ ஸ்விங் ஆர்ம்மேலோ ஒட்டியிருக்கும் தாளில் உன் வண்டிக்கான அளவு இருக்கும்; பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்பதும் இருக்கும். குறைந்திருந்தால் காற்றடி. செல் மாற்றியாயிற்றென்றால், ஓட்ட ஆரம்பித்ததும் திரையில் முதலில் வரும் எண்ணைக் கேஜ் சொன்னதோடு ஒப்பிடு. பெரிய வித்தியாசம் தெரிந்தால் ஓரமாக நிறுத்தி, கேஜை மறுபடி வைத்துப் பார்.