எட்டாமல் போன பந்து

தோற்றவனை உலகம் மறந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அது அவ்வளவு சரியில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அறவே தோற்றவனை மறந்துவிடும்; வாஸ்தவம். ஆனால் ஜெயிக்க வேண்டியவன், இதோ ஜெயித்தே விட்டான் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த வேளையில் கை நழுவ விட்டவன் - அவனை மட்டும் உலகம் மறப்பதே இல்லை. வென்றவனைக்கூடச் சில காலத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு இவனை நினைத்து நினைத்து உருகும். பாரதக் கதை கேட்கிறவர்கள் அர்ச்சுனனுக்கு மரியாதை கொடுக்கிறார்கள். கண்ணீரைக் கர்ணனுக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறார்கள், அல்லவா?

கதை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இந்த ரகசியம் நன்றாகத் தெரியும். கடைசி அத்தியாயத்தில் கதாநாயகனுக்குக் கல்யாணத்தைச் செய்து வைத்தால் வாசகர்கள் சந்தோஷப்பட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ரயிலைத் தவறவிடச் செய்தாலோ, பல வருஷங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பார்கள். நானும் அந்தத் தொழிலில் இருக்கிறவன்தான். ஆகவே இதை இளப்பமாகப் பேச எனக்கு உரிமை இல்லை. என்றாலும், கதையில் வருகிறவன் காகிதத்தில் வாழ்கிறவன். அவனுடைய தோல்வியில் நாம் காணும் இனிமைக்காக அவன் ஒரு பைசா விலை கொடுப்பதில்லை. ரத்தமும் சதையுமாக உயிரோடு நடமாடுகிற ஒரு மனிதரை இப்படிக் கதையாக்கி வைத்துக்கொண்டு உருகுவது நியாயந்தானா? அந்த உருக்கத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

இதற்கு இங்கிலாந்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கால்பந்துக்குச் சட்டதிட்டம் எழுதி உலகத்துக்குக் கொடுத்த நாடு அது. அந்நாட்டு ஆண்கள் அணி 1966-ல் உலகக் கோப்பையை வென்றது. அதற்குப் பின் நெடுங்காலம் அதன் சரித்திரம் முழுவதையும் 'கிட்டத்தட்ட' என்ற ஒரே சொல்லில் எழுதிவிடலாம். 1990 உலகக் கோப்பை அரை இறுதியில் தோல்வி. 1996-ல் சொந்த மண்ணில் நடந்த ஐரோப்பியப் போட்டியின் அரை இறுதியில் தோல்வி. 2018 உலகக் கோப்பையிலும் அரை இறுதியோடு சரி. ஐரோப்பியப் போட்டியில் 2021-ல் இத்தாலியிடமும் 2024-ல் ஸ்பெயினிடமும் இறுதி ஆட்டத்திலேயே தோற்றார்கள்.

கணக்குப் பார்த்தால், கோப்பைக்கு மிக நெருங்கியது 2021-லும் 2024-லுந்தான். ஆனால் அந்நாட்டில் நடுவயதைத் தாண்டியவர்களின் ஏக்கம் கணக்குப் பார்ப்பதில்லை. அது 1990-க்கும் 1996-க்குமே ஓடிப் போகிறது. காரணம், அந்த இரண்டு தோல்விகளுக்கும் ஒரு முகம் இருந்தது. பால் காஸ்காயின் என்பவருடைய முகம். ஜனங்கள் செல்லமாக 'கஸ்ஸா' என்பார்கள்.

இங்கிலாந்தின் வடகோடியில், கேட்ஸ்ஹெட் நகரத்தைச் சேர்ந்த டன்ஸ்டனில், 1967-ல் எளிய குடும்பத்தில் பிறந்தவர். தேசிய அணிக்கு அவர் ஆடியது 57 ஆட்டங்கள்; அடித்தது 10 கோல்கள். அவர் கலந்துகொண்ட உலகக் கோப்பை ஒன்றே ஒன்றுதான். அதிலும் ஆறு ஆட்டங்கள் ஆடி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. புள்ளிவிவரக்காரரிடம் கேட்டால் இந்த மனிதருக்கு இவ்வளவு புகழ் எப்படி வந்தது என்று உதட்டைப் பிதுக்குவார். ஆனால் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு அவர் எதிரிகளின் நடுவே புகுந்து போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. திருவிழாக் கூட்டத்தில் நுழைந்து நுழைந்து தேரின் முன்னால் போய் நிற்கும் சிறுவனைப் போல, அவருக்கு மட்டும் எங்கோ ஒரு சந்து திறந்துகொண்டே இருக்கும்.

1990 ஜூலை 4. இத்தாலியில் டூரின் நகரம். எதிரி மேற்கு ஜெர்மனி. 23 வயது காஸ்காயினுக்கு முந்திய ஓர் ஆட்டத்தில் ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை. இன்னொன்று வாங்கினால் அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாகிக் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. பந்து சற்று விலகி ஓடியது. அதைத் துரத்திப் பாய்ந்தவர் பெர்த்தோல்ட் என்ற ஜெர்மானியரை இடறிவிட்டார். நடுவர் அட்டையை எடுத்தார். அந்தக் கணத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது: இங்கிலாந்து ஜெயித்தாலும் இறுதி ஆட்டத்தில் தமக்கு இடமில்லை. கீழுதடு துடித்தது; கண்களில் நீர் தளும்பியது. அணித்தோழர் லினேக்கர், ஓரத்தில் நின்ற பயிற்சியாளர் பாபி ராப்சனுக்கு, இவரைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று ஜாடை காட்டினார். இங்கிலாந்தில் சுமார் 2½ கோடிப் பேர் இதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பெனால்டி உதையில் பியர்ஸ், வாடில் என்ற இருவர் தவறவிட, இங்கிலாந்து தோற்றது.

இந்தக் காட்சியின் படத்தைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு விசித்திரம் மனத்தில் தைக்கிறது. எந்த இறுதி ஆட்டத்தை இழந்துவிட்டோம் என்று அவர் அழுதாரோ, அந்த இறுதி ஆட்டம் இங்கிலாந்துக்கு வரவே இல்லை. ஆக, இல்லாத ஒன்றை இழந்ததற்காக ஒருவர் அழுதார். அந்தக் கண்ணீரைத் தங்கள் கண்ணீராகவே ஒரு தேசம் எடுத்துக்கொண்டது. வெற்றி பெற்றிருந்தால்கூட அவரை அவர்கள் இவ்வளவு நேசித்திருப்பார்களா என்பது சந்தேகமே.

ஆறு வருஷம் கழித்து, 1996 ஜூன் 15-ல், லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஸ்காட்லாந்துக்கு எதிராக அவர் அடித்த கோல் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஸ்காட்லாந்துக்கு வந்த பெனால்டியைக் கோல் கீப்பர் சீமன் தடுத்த மறு நிமிஷம். ஓடி வந்த காஸ்காயின், குறுக்கே வந்த ஹெண்ட்ரியின் தலைக்கு மேல் இடது காலால் பந்தை மெல்லத் தூக்கிவிட்டு, மறுபக்கம் சுற்றி வந்து, அது தரையைத் தொடுமுன் வலது காலால் உதைத்தார். ஹெண்ட்ரி தரையில் கிடந்தார். அழகு என்பதற்கு விளக்கம் கேட்டால் சிலர் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

உடனே ஒரு வேடிக்கை நடந்தது. போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் ஹாங்காங்கில், ஆட்டக்காரர்கள் பல் வைத்தியரின் நாற்காலி போன்ற ஒன்றில் சாய்ந்துகொள்ள, வாயில் மதுவை ஊற்றிய படம் பத்திரிகைகளில் வந்து நாடே சீறியிருந்தது. கோல் அடித்ததும் காஸ்காயின் மைதானத்தில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்தார். தோழர்கள் புட்டியிலிருந்து தண்ணீரைப் பீச்சினார்கள். நாடு கைகொட்டிச் சிரித்தது. நேற்று வரை குற்றமாக இருந்தது இன்று கொண்டாட்டம். ஒரு மனிதரை அழித்துக்கொண்டிருந்த நோயே அவருடைய மிகப் பெரிய வேடிக்கையாக மாறிவிட்டதை அந்தச் சிரிப்பில் யாரும் கவனிக்கவில்லை.

பதினோரு நாள் கழித்து அரை இறுதி. மறுபடியும் ஜெர்மனி, மறுபடியும் ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரத்தில் யார் முதலில் கோல் போடுகிறார்களோ அவர்களோடு ஆட்டம் முடிந்தது என்று அப்போது ஒரு விதி. ஷியரர் குறுக்கே அனுப்பிய பந்து கோல் வாயிலின் முன்னால் உருண்டு போகிறது. காஸ்காயின் சறுக்கிக்கொண்டு காலை நீட்டுகிறார். கோல் கீப்பர் தொட்டுவிடுவார் என்று எண்ணி அரைக்கணம் தயங்கிவிட்டார். சில அங்குலம்! பந்து போய்விட்டது. பின்னர் பெனால்டி உதையில் சவுத்கேட் தவறவிட்டார், ஜெர்மனி வென்றது. (அதே சவுத்கேட் பயிற்சியாளராக இருந்துதான் 2021, 2024 தோல்விகளையும் பார்த்தார். நாவலில் இப்படி எழுதினால் மிகை என்று பத்திரிகாசிரியர் வெட்டிவிடுவார்.)

அந்தச் சில அங்குலத்தில் அப்படி என்ன இருக்கிறது? வெற்றி என்பது தீர்த்து முடித்த கணக்கு. அதில் நாம் புதிதாக எழுத இடமில்லை. கிட்டத்தட்ட வந்து போனதோ திறந்தே கிடக்கிற கதவு. அந்த இடைவெளியில் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் வாழ்க்கையைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். 1990-ல் இருபது வயதாக இருந்தவர், கிடைக்காமல் போன வேலையை, சொல்லாமல் விட்ட காதலை, தாம் ஆகியிருக்கக்கூடிய மனிதரை எல்லாம் அந்தப் பந்தின் பின்னால் ஓடவிடுகிறார். 'எட்டியிருந்தால்...' என்று அவர் சொல்லும்போது கால்பந்தைப் பற்றி மட்டுமா சொல்கிறார்? இதில் ஒரு தவறும் இல்லை. மனிதர்களுக்கு இப்படிப்பட்ட இடங்கள் வேண்டியிருக்கின்றன.

சங்கடம் எங்கே வருகிறது என்றால், கதவு திறந்தே இருக்க வேண்டுமானால் அதன் நடுவே ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். காஸ்காயின் 23 வயதிலேயே, கண்ணீரோடேயே நிற்க வேண்டும். அவருக்கு வயதாகக் கூடாது; தெளியவும் கூடாது. 1991-ல் ஒரு கோப்பை இறுதி ஆட்டத்தில் எதிரி மீது முரட்டுத்தனமாகப் பாய்ந்து தம் முழங்காலையே முறித்துக்கொண்டார் என்றால், அதுவும் காவியத்தில் சேர்ந்துவிடுகிறது. 1998 உலகக் கோப்பை அணியிலிருந்து நீக்கப்பட்டு, ஆத்திரத்தில் அறைச் சாமான்களை உடைத்தார் என்றால் அதுவும் சேர்ந்துவிடுகிறது. குடித்து விழுந்தால் 'ஐயோ பாவம்' என்கிறோம். அந்த 'ஐயோ பாவ'த்தில் ஒரு சொட்டு இனிப்பு கலந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை.

அவருடைய துயரமோ கால்பந்தில் தொடங்கியதல்ல. பத்து வயதில், தம் பொறுப்பில் கூட்டிப்போன நண்பனின் தம்பி சாலையில் ஓடிக் கார் மோதி இறந்ததைக் கண் முன்னே பார்த்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதன் பின்தான் முகமும் உடம்பும் தன்னிச்சையாகத் துடிக்கும் பழக்கம் தொடங்கியதாம். பிற்காலத்தில் தம் தொலைபேசியை யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று அவர் சொன்னபோது, மனப்பிராந்தி என்று நினைத்தவர்கள் உண்டு. உண்மையிலேயே மிரர் பத்திரிகைக் குழுமத்தார் அவருடைய தொலைபேசிச் செய்திகளைத் திருட்டுத்தனமாகக் கேட்டிருந்தார்கள். 2015-ல் லண்டன் நீதிமன்றம் அவருக்கு 1,88,250 பவுன் நஷ்ட ஈடு விதித்தது. 'பாவம், புத்தி தடுமாறிவிட்டது' என்ற செய்தியைக் காசு கொடுத்து வாங்கிப் படித்து உருகியவர்கள் யார்? அவரை நேசித்த ஜனங்கள்தான்.

ஆனால் அவரை மட்டும் பரிதாபத்துக்குரியவராக்கி நிறுத்திக்கொண்டால் அதுவும் இன்னொரு பழங்கதையாகிவிடும். தேதிகளைப் பாருங்கள். ஸ்காட்லாந்துக்கு எதிரான கோல் 1996 ஜூன் 15. அரை இறுதி ஜூன் 26. அவருடைய திருமணம் ஜூலை 1. அதே வருஷம் அக்டோபரில், க்ளெனீகிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து ஹோட்டலில் மனைவியை அடித்தார். முகத்தில் காயங்களோடு அந்தப் பெண்ணின் படம் பத்திரிகைகளில் வந்தது. அடித்ததை அவரும் மறுக்கவில்லை. அடுத்த மாதமே ஜார்ஜியாவுக்கு எதிராக இங்கிலாந்து அணியில் ஆடினார். ஆக, அந்தப் பொற்காலக் கோடைக்கும் இந்த அறைக்கும் நடுவே இருப்பது நாலு மாதம். 1996-ஐ நினைத்து ஏங்குகிறவர்கள் ஜூனிலேயே நின்றுவிடுகிறார்கள். அக்டோபர் வரை ஏக்கம் போவதில்லை.

நண்பர் ஒருவர் கேட்கலாம்: அப்படியானால் அந்தக் கோலை ரசிக்கவே கூடாதா? கூடாதென்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கோல் அழகானது, அது பொய்யில்லை. அந்த அறையும் பொய்யில்லை. ஜூனை மட்டும் வைத்துக்கொள்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை, அக்டோபரைச் சொல்லி ஜூனை அழிக்கப் பார்ப்பவர்களோடும் உடன்பாடில்லை. இரண்டையும் ஒரே கையில் பிடித்திருப்பது கஷ்டம்; கை வலிக்கும். ஆனால் 'ஞாபகம்' என்ற சொல்லுக்கு அதுதானே பொருள்? பிடித்ததை மட்டும் பொறுக்கி வைத்துக்கொள்வதற்கு வேறு பெயர் தேட வேண்டும். அவரைச் சிகிச்சைக்கு அனுப்பிய நண்பர்கள் இருந்தார்களே, 2013-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்கு - அவர்கள் அன்று அனுப்பி வைத்தது 23 வயது இளைஞரை அல்ல. நாற்பத்தைந்து வயதான, நோயாளியான, சிரமமான ஒரு மனிதரை. அந்த அன்புக்கும் மற்றவர்களின் உருக்கத்துக்கும் உள்ள தூரம் பெரிது.

பிற்காலத்தில் காஸ்காயின் ஊர் ஊராகப் போய் மேடையில் அமர்ந்து பழைய கதைகளைச் சொல்லிச் சம்பாதித்தார். 'கஸ்ஸாவுடன் ஒரு மாலை' என்று விளம்பரம். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் வருவார்கள். 2015 நவம்பரில் உல்வர்ஹாம்ப்டனில் அப்படி ஒரு மாலை. கறுப்பினத்தைச் சேர்ந்த ஒரு காவலாளி இருட்டான மூலையில் நின்றிருந்தார். அவர் நிறத்தை வைத்து மேடையிலிருந்தவர் ஒரு கேலி செய்தார். வழக்காயிற்று, 2016-ல் குற்றத்தை ஒப்புக்கொண்ட காஸ்காயினுக்கு 1,000 பவுன் அபராதம், காவலாளிக்கு 1,000 பவுன் நஷ்ட ஈடு.

அந்தக் காவலாளி டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர் அல்ல. பழைய நாட்களை நினைத்து ஏங்குவதற்கும் வந்தவர் அல்ல. அன்று மாலை அவருக்கு அங்கே வேலை இருந்தது.